ஈரலைக் கட்டிய நூல்



இது தூண்டிலைப் பற்றிய கட்டுரை. தூண்டில் போடுவது ஆண்களின் பொழுதுபோக்கு, அதில் நமக்கென்ன வேலை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கெளிறு பிடிக்கப் போகிறவர்களின் கொக்கியில் இரை நிற்காமல் போனால், அதற்கான மருந்து ஆற்றங்கரையில் இல்லை. நம் வீட்டுத் தையல் பெட்டியிலும் குசினியிலும்தான் இருக்கிறது. இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் குடும்பம் பட்ட ஒரு பெரிய துன்பத்தின் நடுவில், வாப்பாவின் கையைப் பார்த்துப் படித்தேன். அதனால் அந்தக் கதையையும் சேர்த்தே உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் மருதமுனை. கல்முனைக்கு வடக்கே, கடலோரமாக இருக்கும் ஊர். கைத்தறிச் சாரிக்கும் சாறனுக்கும் பெயர்போனது. வாப்பா தறிகாரர். எங்கள் வளவின் பின்புறம் தறிக்கொட்டில் இருந்தது. வாப்பா தறியில் இருப்பார், உம்மா பக்கத்தில் இராட்டையில் தார் சுற்றுவார். ஊடை நூலைச் சுற்றி நாடாவுக்குள் வைக்கும் சிறு குச்சியைத்தான் தார் என்போம். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே உறங்கி, தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே விழித்த பிள்ளைகள் நாங்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா விடுமுறை நாள். காலைச் சாப்பாடு முடிந்திருந்தது. கடல் எங்கள் வளவுக்குள் வந்தது. நான் ஆறு வயது மகனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாப்பாவைத் தண்ணீர் இழுத்துக்கொண்டுபோய் ஒரு மதிலோடு சேர்த்தது. உம்மா தறிக்கொட்டிலில் இருந்தார். மறுநாள் பின்னேரம்தான் அவருடைய ஜனாஸா கிடைத்தது. அன்று இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதிகமாக இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். ஆகவே எங்கள் கதை தனிக்கதை அல்ல. இதை வாசிக்கும் உங்களில் பலரிடம் இதைவிடப் பெரிய கதைகள் இருக்கும்.

வீடு இல்லை, தறி இல்லை. என் கணவர் அப்போது சவூதியில் இருந்தார். நானும் வாப்பாவும் மகனும் நற்பிட்டிமுனையில் சாச்சி வீட்டுக்குப் போனோம். சாச்சி உம்மாவின் தங்கை. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று பிறகு அறிவித்தார்கள். அதனால் அந்த வீட்டில் நாங்கள் நினைத்ததைவிட அதிக காலம் இருக்க நேர்ந்தது.

அந்த நாட்களில் ஒரு விஷயத்தை நீங்களும் கண்டிருப்பீர்கள். கடல் மீனைச் சாப்பிட யாருக்கும் மனம் ஒப்பவில்லை. கடல் கொண்டுபோன மனிதர்களை நினைத்துக்கொண்டு மீனில் எப்படிக் கைவைப்பது? மீன் வியாபாரி கூவினாலும் ஒரு பெண்ணும் படலையைத் திறக்கவில்லை. மூன்று நேரமும் பருப்பும் சோறும்தான். நிவாரணத்தில் வந்த டின் மீனைத் திறந்தால் மகன் மூக்கைப் பொத்திக்கொண்டான். மீனோடு வளர்ந்த பிள்ளை. நாளுக்கு நாள் மெலிந்தான். வாப்பாவோ யாரோடும் பேசுவதில்லை. விறாந்தையில் கதிரையைப் போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். நாற்பது வருடம் ஓயாமல் வேலை செய்த கைகள் அப்படிக் கிடப்பதைப் பார்க்க எனக்கு அழுகை வரும்.

ஒருநாள் சாச்சியின் மகன், எனக்குத் தம்பி முறை, "பெரியவாப்பா, கிட்டங்கிக்குப் போவமா? ஆத்துக் கெளிறுக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பொடியனும் தின்னுவான்" என்று கூப்பிட்டான். பேரனுக்காக வாப்பா எழும்பினார்.

நற்பிட்டிமுனையிலிருந்து மேற்கே போகும் வழியில் இருக்கிறது கிட்டங்கி. மாரி காலத்தில் வெள்ளம் தாம்போதிக்கு மேலால் பாயும். கலங்கிய தண்ணீர், சேற்று நிலம், ஆற்றுவாழை, புல். கெளிறு விரும்பும் இடம் அதுதான். தம்பி மூங்கில் தடி, தங்கூசி, கொக்கி, சின்ன ஈயக்குண்டு எல்லாம் எடுத்துக்கொண்டான். இரைக்குக் கோழிக்கடையில் ஈரல் வாங்கினான்.

முதல் நாள் வெறுங்கையோடு வந்தார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. "என்ன வாப்பா, மீன் இல்லையா?" என்று கேட்டேன்.

"மீன் இரிக்கி மகள். இரைதான் நிக்கிதில்ல. எறிஞ்சா ஈரல் ஒரு பக்கம் போகிது, கொக்கி ஒரு பக்கம் போகிது" என்றார்.

உம்மா போன பிறகு வாப்பா ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

ஈரலைக் கையில் எடுத்த பெண்களுக்கு இது விளங்கும். ஈரலில் நாரில்லை, எலும்பில்லை, பிடித்து நிறுத்தத் தோலும் இல்லை. கொக்கியின் பாரத்திலேயே கிழிந்துவிடும். தண்ணீரில் ஊறினால் இன்னும் இளகும். பெரிய மீன் வருவதற்குள் சின்ன மீன்கள் கொத்திக் கொத்திக் கொக்கியை வெறுமையாக்கிவிடும். மேலே இருப்பவர் இரை இருக்கிறதென்று நம்பிக்கொண்டு மணிக்கணக்கில் வெறும் இரும்பைத் தண்ணீரில் போட்டுவைத்திருப்பார்.

அப்படியென்றால் ஏன் ஈரல், கெட்டியான வேறு ஏதாவது போட்டால் என்ன என்று நான் கேட்டேன். கெளிறு கண்ணால் இரை தேடும் மீன் அல்ல என்றான் தம்பி. அது உண்மைதான் என்பதைப் பிறகு அறிந்துகொண்டேன். கெளிற்றின் வாயைச் சுற்றி நாலு சோடி மீசைகள் இருக்கின்றன. அந்த மீசைகள் நாக்கைப் போல ருசி அறியும். கெளிற்றுக் குடும்பத்து மீன்களுக்குச் செதில் இல்லை, வெறும் தோல்தான். அந்தத் தோல் முழுவதும் ருசி அறியும் மொட்டுகள் பரவியிருக்கும். அமெரிக்காவில் ஆராய்ந்து பார்த்த ஓர் இனத்தில் ஒரு மீனுக்கு 1,00,000க்கும் அதிகமான மொட்டுகள் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். முழு உடம்பும் நாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கலங்கிய தண்ணீரில், இருட்டிலும் கூட, இரத்தமும் நெய்யும் கரைந்து வரும் வழியைப் பிடித்துக்கொண்டு அது வந்துசேரும். மெதுவான இரைதான் அப்படிக் கரைந்து மணம் விடும். எந்த மெதுமை மீனை அழைக்கிறதோ, அதே மெதுமைதான் கொக்கியிலிருந்து நழுவவும் வைக்கிறது. சிக்கல் அங்கேதான்.

மூன்றாம் நாள் காலை, வாப்பா குசினிப் பின்பக்கம் ஒரு பீங்கானில் ஈரலை வைத்துக்கொண்டு கொக்கியோடு மல்லாடிக்கொண்டிருந்தார். "புள்ள, கொஞ்சம் நூல் இரிக்கா?" என்று கேட்டார். சாச்சியின் தையல் மெசின் நூலைக் கொடுத்தேன். சுற்றி இழுத்தார். மெல்லிய கத்தியால் அறுத்தது போல ஈரல் இரண்டு துண்டாகியது. "இது வழுக்கிது, வெட்டவும் செய்யிது" என்று நூலைத் திருப்பித் தந்தார்.

என்னிடம் வேறு நூல் இருந்தது. ஒரு கிழமைக்கு முன் எங்கள் வளவைப் பார்க்கப் போனபோது, தறிக்கொட்டில் இருந்த இடத்தில், இடிந்த சுவரின் அடியில் மணலுக்குள்ளிருந்து இரண்டு தார் எடுத்திருந்தேன். ஒன்று பச்சை, மற்றது கத்தரிப்பூ நிறம். உம்மா சுற்றியவை. வாப்பாவுக்குக் காட்டாமல் ஒரு சொப்பிங் பேக்கில் சுருட்டி உடுப்புகளுக்கடியில் வைத்திருந்தேன். கொடுப்பதா, வேண்டாமா என்று அறைக்குள் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பச்சைத் தாரை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

வாப்பா அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். நடுவில் கொஞ்சம் பருத்து, இரண்டு பக்கமும் ஒடுங்கி வரும் சுற்று. "இது உங்கட உம்மாட தார்" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நுனியைத் தேடி எடுத்து ஒரு முழம் இழுத்தார்.

"வேணாம் வாப்பா, அது கிடக்கட்டும்" என்றேன்.

"வெச்சி என்ன செய்ற மகள்? உப்புப் பட்ட நூல். இனித் தறியில ஏறாது" என்றார்.

சகோதரிகளே, அவர் அன்று கட்டிய விதத்தை அப்படியே சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஈரலைப் பெருவிரல் அளவு துண்டாக வெட்டுங்கள். அதிலே மெல்லிய சவ்வு உள்ள பக்கமாகக் கொக்கியைக் குத்தி, திருப்பி மறுபடியும் குத்தி, மூன்றாம் முறையும் குத்துங்கள். ஒரே ஓட்டையில் தொங்கும் இரை கிழிந்துவிடும். மூன்று இடத்தில் பிடித்தால் பாரம் பகிர்ந்துவிடும். கொக்கியின் நுனியும் அதற்குக் கீழே உள்ள எதிர்முள்ளும் கட்டாயம் வெளியே தெரிய வேண்டும். நுனி ஈரலுக்குள் புதைந்தால் மீன் வாயில் அது ஏறாது.

பிறகு நூல். வாப்பா முதல் முடிச்சைக் கொக்கியின் தண்டில் போட்டார். அங்கிருந்து ஈரலின் மேலாக ஆறேழு சுற்று, ஒன்றின் மேல் ஒன்றாக அல்ல, குறுக்கும் நெடுக்குமாக. கொக்கியின் வளைவுக்கு உள்ளாலும் ஒரு சுற்று. கடைசியில் திரும்பவும் தண்டுக்கே வந்து முடிச்சு. முதல் முடிச்சும் இரும்பில், கடைசி முடிச்சும் இரும்பில். ஈரலில் முடிச்சே இல்லை. "பாவு நூலப் போலதான். இழுத்தா அறும், விட்டா தொங்கும். தொட்டுக்கிட்டு இரிக்கணும், அவ்வளவுதான்" என்றார். பருத்தி நூல் மென்மையானது. தண்ணீர் பட்டதும் கொஞ்சம் ஊதி ஈரலோடு ஒட்டிக்கொள்ளும். மெசின் நூலுக்கு அந்தக் குணம் இல்லை.

எறியும் விதத்தையும் மாற்றினார்கள். தடியைத் தலைக்கு மேலால் வீசி எறிந்தால், கட்டிய இரையும் கழன்றுவிடும். ஊஞ்சல் ஆட்டுவது போலக் கீழேயிருந்து மெதுவாக ஆட்டி விட்டார்கள். விழுந்த பிறகு அடிக்கடி இழுத்துப் பார்க்கவில்லை. கெளிறு மணத்தைத் தேடி வர நேரம் வேண்டும். பார்க்கப் பார்க்க இரைதான் கழன்று போகும்.

அன்று மஃரிபுக்கு முன் வந்தார்கள். வாளியில் ஏழு கெளிறு. மகன் வாளியை விட்டு நகரவில்லை. சாச்சி சாம்பல் போட்டு உரசி வழுவழுப்பை எடுத்து, உப்பும் புளியும் போட்டுக் கழுவி, ஆணம் வைத்தார். மகன் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கினான். வாப்பாவும் பீங்கானை வழித்துச் சாப்பிட்டார். உம்மா போன பிறகு அவர் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றுதான். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிச் சாச்சி குசினிக்குள் போய் அழுதார். நானும் அழுதேன்.

அதன் பிறகு தினமும் சுபஹ் தொழுதுவிட்டு வாப்பா விறாந்தையில் இருந்து இரை கட்டுவார். ஒரு பீங்கான் நிறையக் கட்டி வைப்பார். பக்கத்து வீட்டுப் பொடியன்களும் தங்கள் கொக்கிகளைக் கொண்டுவருவார்கள். பேசாத மனிதர், "டேய், ஈரலக் கழுவாத, ரெத்தம் போனா மீன் வராது" என்று அவர்களை ஏசத் தொடங்கினார்.

வாப்பாவின் கையில் நான் கண்டவற்றையும், பிறகு நாங்களே செய்து பார்த்தவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஈரல் புதிதாக இருக்க வேண்டும். உறைய வைத்து இளக்கிய ஈரல் கூழாகிவிடும். உறையும்போது உள்ளேயுள்ள தண்ணீர் பனிக்கட்டியாகி ஈரலின் கட்டமைப்பை உடைத்துவிடுவதுதான் காரணம். வாங்கிய ஈரலைக் குளிர்மையாக வைத்திருங்கள், உறையவிடாதீர்கள். ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகும்போதும் நிழலில் வைக்கச் சொல்லுங்கள். வெயில் படப்பட அது இளகும்.

உடனடித் தேவை இல்லையென்றால், முந்திய இரவே துண்டுகளை உப்பில் பிரட்டி, ஓட்டையுள்ள ஏதாவது பாத்திரத்தில் வையுங்கள். உப்பு தண்ணீரை இழுத்துவிடும். விடியும்போது ஈரல் இறுகி, கொஞ்சம் தோல் போலாகியிருக்கும். மணம் சற்றுக் குறையும், ஆனால் கொக்கியில் நன்றாக நிற்கும். கருவாடு போடத் தெரிந்த நமக்கு இது புதிய வித்தை அல்ல.

றாலைப் போடுவதென்றால், வால் பக்கத்தால் கொக்கியை ஏற்றி உடம்பின் வளைவோடு கொண்டுபோய் நுனியை வெளியே எடுங்கள். மண்புழுவைக் கொக்கியின் தண்டு வரை நீளமாக ஏற்றி, வால் கொஞ்சம் அசையும்படி விட வேண்டும். கோதுமை மா உருண்டை போடுகிறவர்களுக்கு வாப்பா சொன்ன வழி, பிசையும்போது கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துப் போட்டுச் சேர்த்துப் பிசைவது. பஞ்சு இழைகள் மாவைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். பஞ்சில்லாத மா தண்ணீரில் விழுந்த சில நிமிடங்களில் கரைந்துவிடும்.

சிலர் ஈரலை மெல்லிய வலைத்துணியில் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கொக்கியில் மாட்டுவார்கள். அதுவும் நல்ல வழிதான். ஆனால் நுளம்பு வலையை வெட்டி எடுக்காதீர்கள். சில வலைகள் மருந்து ஏற்றியவை. அந்த மருந்து மீனுக்குக் கடும் நஞ்சு. நைலோன் துணியும் அறுந்து ஆற்றில் விழுந்தால் உக்காமல் கிடக்கும். பருத்தி உக்கிவிடும். பழைய வொயில் துண்டொன்று போதும்.

இன்னொன்று, தாய்மாருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. கெளிற்றின் முதுகில் ஒரு முள்ளும், செவுளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முள்ளும் உண்டு. பயந்தால் அவற்றை விறைத்துக்கொள்ளும். சேற்றில் வாழும் சுங்கான் இன்னும் பொல்லாதது, அதன் முள்ளில் விஷம் உண்டு. தண்ணீரை விட்டு எடுத்த பிறகும் நெடுநேரம் உயிரோடு இருக்கும் மீன் அது, செத்துவிட்டதென்று நினைத்துக் கைபோடக் கூடாது. அந்த மாதக் கடைசியில் என் மகனின் கையிலே குத்திவிட்டது. பிள்ளை துடித்துப்போனான். தாதியாக வேலை செய்த ஓர் அயல்வீட்டுச் சகோதரி சொன்னபடி, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்துக் கையை அதற்குள் வைத்தோம். சூடு அந்த விஷத்தைச் செயலிழக்கச் செய்யும். நீங்கள் செய்யும்போது, சூட்டை முதலில் உங்கள் கையை விட்டுப் பாருங்கள், குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை, வலி தணியும் மட்டும் வைத்திருக்கலாம். அதன் பிறகு சுணங்காமல் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள். முள் உள்ளே முறிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏற்பு வலித் தடுப்பூசியும் தேவைப்படலாம்.

மாரி முடிந்து தண்ணீர் வற்றியது. மெல்ல மெல்ல மக்கள் கடல் மீனுக்கும் திரும்பினார்கள். எங்கள் வீட்டில் அதற்கு இன்னும் நாள் எடுத்தது. அந்த வருடக் கடைசியில் ஓர் உறவினர் வீட்டில் ஒரு தறி சும்மா கிடக்கிறதென்று தெரியவந்தது. வாப்பா போய் அதில் இருந்தார். முதலில் நெய்தது ஒரு சின்னச் சாறன், பேரனுக்கு. தார் சுற்றியது நான். "நடுவுல கொஞ்சம் பருக்க விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வாப்பா 2013இல் மௌத்தானார். மகன் இன்று வளர்ந்த ஆண்பிள்ளை. லீவு நாட்களில் இன்றும் கிட்டங்கிக்குப் போவான். பச்சைத் தார் அந்த மாரியிலேயே முடிந்துவிட்டது, ஈரலோடும் மீனோடும் ஆற்றில் போய்விட்டது. அதற்காக இப்போது நான் வருந்துவதில்லை. கத்தரிப்பூத் தார் என் தையல் பெட்டியில் இருக்கிறது. மகன் தூண்டிலோடு புறப்படும் நாட்களில் அதிலிருந்து ஒரு முழம் அறுத்துக் கொடுப்பேன். கடையில் வாங்கிய பருத்தி நூலும் பெட்டியில் இருக்கிறது, இருந்தாலும் அவன் இதைத்தான் கேட்பான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாளியும் தடியுமாகப் புறப்பட்டால், "வெயிலில் திரியாதே" என்று சொல்லும்போதே ஒரு முழம் பருத்தி நூலையும் கொடுத்தனுப்புங்கள். முடிச்சு இரும்பில் இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள்.